மெய்யில் நிற்காத சொற்கள்

பல் துலக்கி வாய் கொப்பளித்ததும் எல்லோரும் அண்ணத்தில் நாவொற்றியை ஒட்டிக்கொண்டார்கள். வெங்காயத் தோலைவிட மெல்லிய படலம் அது. நாக்கு எங்கே தொடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது, காற்று எந்த இடுக்கு வழியாகப் போகிறது என்பதையெல்லாம் கண்டு சொல்லிவிடும். புறப்பாட்டு முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் இட்லியும் ரொட்டியும் வந்து சேர்வதற்குள், நூற்றுக்கணக்கானவர்கள் பற்களை லேசாகச் சேர்த்துக்கொண்டு ஈ மொய்ப்பதைப் போல ஒலியெழுப்பத் தொடங்கிவிடுவார்கள். அது ஆங்கிலத்தின் கடைசி எழுத்துக்கான பயிற்சி. ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே ஒரு சிறு திரை இருந்தது. அதில் அவரவர் நாக்கின் படம். ஒலி சரியாக வந்தால் நாக்கு நீலமாகும், பிசகினால் சிவக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. விண்கப்பலில் கைக்கு வேலை குறைவு. கதவு, காற்று, தண்ணீர் எல்லாமே செவியன் என்ற கேட்கும் எந்திரத்தின் பொறுப்பில் இருந்தன. முன்னொரு கப்பலில் யாரோ பதினைந்து என்று ஆங்கிலத்தில் சொன்னது செவியனின் காதில் ஐம்பது என்று விழுந்து, ஓர் அறையின் காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அன்றிலிருந்து 'ஒரே நாக்கு' விதி வந்தது. எந்த ஊரில் பிறந்திருந்தாலும் ஒரே உச்சரிப்பு. தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே ஃபெரோஸ் என்ற அந்தத் தொலைதூரக் கோளுக்குப் போகும் கப்பலில் இடம்.

சுகந்திக்கு நாக்கு சீக்கிரமே நீலமாகிவிட்டது. அவள் நீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர். பெருந்துறைக்காரி. எதையும் ஒரு முறை கேட்டால் அப்படியே சொல்லிவிடுவாள். அவள் கணவன் சென்னியப்பன் விசைக்குழாய்ப் பொறியாளன். அவன் நாக்குதான் மிளகாய்ப் பழம்போல எப்போதும் சிவந்தே இருந்தது. எகரத்துக்கு முன்னால் ஒரு யகரமும், ஒகரத்துக்கு முன்னால் ஒரு வகரமும் அழைக்காமலே வந்து ஒட்டிக்கொண்டன. எந்தச் சொல்லும் அவன் வாயில் மெய்யெழுத்தோடு நிற்கவில்லை. கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துத்தான் வெளியே வந்தது.

"ஏனுங்க, மறுக்காச் சொல்லுங்க. பல்லு ரெண்டும் ஒட்டோணும், நாக்கு தொடக் கூடாது. காத்து மட்டும் நடுங்கோணும்" என்பாள் சுகந்தி.

"ஜீரோ."

"அது ஜீரகத்து ஜீ. ஈ பறக்கறாப்புல வரோணும்."

"ஈ வாய்க்குள்ள போயிருச்சுன்னு வெச்சுக்க. ஜீரோ."

"வெளையாடாதீங்க. சரி, லாக் சொல்லுங்க. லாக்குன்னு இழுக்காம அப்படியே நின்னரோணும்."

அவன் முயன்று பார்ப்பான். சொல் நிற்கும். பிறகு உதட்டோரமாக அந்த உகரம் மெல்ல வழிந்துவிடும்.

"அந்தரத்துல நிக்குதே புள்ள, பாவம். எறக்கி உட்டுரலாம்னு பார்த்தேன்" என்பான்.

தொடக்கத்தில் சுகந்தி சிரித்தாள். தேர்வு நெருங்க நெருங்க அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது என்ன என்பது காதில் ஏறவே இல்லை, எப்படிச் சொன்னான் என்பது மட்டுமே ஏறியது. மழை வரும்போலிருக்கிறது என்றோ, அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம் என்றோ அவன் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பான். அவள் மழையைப் பற்றிப் பேசாமல் மெய்யெழுத்தைப் பற்றிப் பேசுவாள்.

ஒரு நாள் கூடத்தின் நடுவில் பயிற்றுநர் அவனை எழுந்து நின்று கட்டளை சொல்லச் சொன்னார். எட்டு வால்வுகளைத் திறக்கும் கட்டளை. சென்னியப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு உரக்கச் சொன்னான்: "யெய்ட்டு வால்வு, வோப்பனு!"

கூடம் சிரித்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்து வந்த எட்வின் ஹார்க்ரேவ் என்பவர் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். முகாமில் முதல் நாளே நாக்கு நீலமான ஒரே ஆள் அவர். சுகந்தியும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே நிமிர்ந்தபோது சென்னியப்பன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான். பிறகு உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைப் பிட்டுத் தின்றான்.

தேர்வை நடத்தியது எந்திரம். அதனிடம் கெஞ்ச வழியில்லை. சுகந்தி தேறினாள், சென்னியப்பன் தேறவில்லை.

விரும்பினால் அவளும் விலகிக்கொள்ளலாம் என்று முகாம் அதிகாரி சொன்னார். சுகந்தி சில நாட்கள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தாள். படித்த படிப்பு, பட்ட பாடு, திரையில் நீலமாக மின்னிய தன் நாக்கு எல்லாம் ஒரு பக்கம் நின்றன. மறு பக்கத்தில் அவன் ஒருவன்தான் நின்றான். அவனும் அவள் பக்கமே பேசினான்.

"நீ போ புள்ள. ரெண்டு பேரும் இங்க ஒக்காந்துட்டு என்ன பண்றது? அடுத்த கப்பலு இருக்குதல்ல, ஏறி வந்தர்றேன். அதுவரைக்கும் எனக்கு இங்கியே ஒரு வேலை போட்டுத் தர்றாங்களாமா."

"என்ன வேலைங்க?"

"தப்பாப் பேசற வேலை!" அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "சரியாச் சொல்ற ஆளு ஒருத்தன், தப்பாச் சொல்ற ஆளு நானு. ரெண்டையும் கேட்டுத்தான் மிசினு கத்துக்குமாமா. அகராதி முழுக்க நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுக்கோணும். இதுக்கு என்னைய உட்டா ஆளு ஏது?"

புறப்படும் நாளில் கண்ணாடிக் கதவுவரை வந்தான். கடைசியில் அவன் ஆங்கிலத்தில் வாழ்த்தினான். "ஹேவ் எ சேப்பு ஜர்னி."

"ஃப்" என்றாள் சுகந்தி, பழக்கத்தில். "கீழுதடு பல்லுல படோணும்."

அவன் தலையாட்டிவிட்டு, கீழுதட்டைப் பல்லால் தொட்டான். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைவதை அவள் பார்த்தாள். ஒலி கேட்கவில்லை.

அதன்பின் உறைதுயில். உடலைக் குளிரவைத்து, மூப்பை நிறுத்தி, தலைமுறைக் கணக்கில் தூங்கவைக்கும் ஏற்பாடு. கனவு வராது என்று சொல்லியிருந்தார்கள். வரவும் இல்லை.

விழித்தபோது ஓர் இளம்பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் நிறத் தலைமுடி, நீலக் கண்கள்.

"வெல்கம்மு டு பெரோசு" என்றாள் அந்தப் பெண். "ஐ யாம்மு இங்க்ரிட்டு."

காதில் இன்னும் உறைபனி இருக்கிறது என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள். தட்டுத்தடுமாறி எழுந்து நடந்து, வாசலில் நின்று, கதவுக்குக் கட்டளையிட்டாள். முகாமில் அவளுக்குப் பாராட்டு வாங்கித் தந்த சொல் அது. அப்பழுக்கில்லாமல் வந்தது. கதவு அசையவில்லை. மறுபடி சொன்னாள். கதவு சுவர்போல நின்றது.

இங்க்ரிட் பின்னாலிருந்து பணிவாக, "வோப்பனு" என்றாள். கதவு திறந்தது.

இங்க்ரிட் நடந்ததையெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். சுகந்தி வந்த கப்பல் மெதுவானது. அது கிளம்பிய பிறகு, தூங்கும் மனிதர்களைச் சுமந்து போவது வீண்செலவென்று பூமியில் முடிவு செய்துவிட்டார்கள். அடுத்து அனுப்பியது ஒரு கருக்கப்பல். சிறியது, விரைவானது. அதில் மனிதர்களே கிடையாது. உறைந்த கருக்களும், அவற்றைக் குழந்தைகளாக வளர்த்தெடுக்கும் வளர்ப்பி எந்திரங்களும்தான். அது சுகந்தியின் கப்பலை வழியிலேயே தாண்டி முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. எல்லா நாட்டுக் கருக்களும் இங்கே பிறந்து வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்து, ஊராகிவிட்டன. இங்க்ரிட் மூன்றாம் தலைமுறை. புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுப்பதிகாரி.

"அதற்குப் பிறகு ஆட்களோடு கப்பல் எதுவும் வரவில்லையா?" என்று சுகந்தி கேட்டாள்.

வரவில்லை என்று இங்க்ரிட் தலையசைத்தாள். பூமியில் எத்தனை காலம் கழிந்திருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை, சுகந்தியும் கேட்கவில்லை. ஆட்களை ஏற்றும் அடுத்த கப்பல் என்று ஒன்று கிளம்பவே இல்லை. சென்னியப்பன் அதற்காகக் காத்திருந்து, வயதாகி, எந்த ஊரிலோ போய்ச் சேர்ந்திருப்பான்.

"வருத்தப்படாதீர்கள்" என்று அவள் கையைத் தொட்டாள் இங்க்ரிட். அவளுடைய முகம் சரியாகிவிடக்கூடிய ஏதோ ஒரு நோயைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. "பழைய கப்பல்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் கொச்சையாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள். வகுப்பு இருக்கிறது. தேறிவிட்டால் கதவுகள் கேட்கும், வேலையும் கிடைக்கும்."

வகுப்பு கண்ணாடிக் கூண்டுகளால் ஆனது. ஒரு கூண்டுக்கு ஒருவர். பக்கத்துக் கூண்டில் எட்வின் ஹார்க்ரேவ் உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்த்து, "பம்ப்... பம்ப்..." என்று திணறிக்கொண்டிருந்தார். சொல்லை அங்கேயே நிறுத்தக் கூடாது என்று இங்க்ரிட் அவருக்கு விளக்கினாள். மெய்யெழுத்தோடு சொல்லை நிறுத்துவது முகத்தில் கதவைச் சாத்துவதைப் போன்றதாம். கேட்பவருக்கு மரியாதைக் குறைவு. கடைசியில் மெல்ல விட்டுவிட வேண்டும்.

சுகந்தி காதொலிப்பானைக் காதில் பொருத்திக்கொண்டாள்.

"ரிப்பீட்டு ஆப்டரு மீ" என்றது குரல். "ஜீரோ."

அவள் காதொலிப்பானைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்துக் காதில் வைத்தாள். குரல் காத்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லாததால் மீண்டும் சொன்னது. "ஜீரோ." மூச்சு இழுக்கும் விதம், முதல் எழுத்துக்கு முன்னால் வரும் அந்தச் சிறு தயக்கம் எதுவும் மாறவில்லை. சென்னியப்பனேதான்.

இங்க்ரிட் ஓடிவந்தாள். "முதல் தடவை கேட்கும்போது சிலருக்கு இப்படி ஆகும். அது ஆதிக்குரல்" என்றாள்.

கருக்கப்பலில் இரண்டு குரல் தொகுப்புகள் வந்தனவாம். வழியில் கதிர்வீச்சு பட்டு ஒன்று முழுவதும் பாழாகிவிட்டது. மிஞ்சிய ஒன்றை வைத்துத்தான் வளர்ப்பிகள் குழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன. பாலைக் குடி என்றதும், விழுந்தால் எழுந்திரு என்றதும், பயப்படாதே என்றதும், தூங்கு என்றதும் அந்தக் குரல்தான். முதல் தலைமுறைப் பிள்ளைகள் அதை அப்பா என்றே நினைத்திருந்தார்கள்.

"யாருடைய குரல் என்று தெரியுமா?" என்று கேட்டாள் சுகந்தி.

"பெயர் கிடைக்கவில்லை. ஆனால் பூமியிலேயே மிகச் சிறந்த உச்சரிப்பு அவருடையதாகத்தான் இருந்திருக்கும். இல்லையென்றால் அகராதி முழுவதையும் அவரை விட்டே சொல்லச் சொல்லியிருப்பார்களா?"

சுகந்திக்கும் சென்னியப்பனுக்கும் குழந்தை இல்லை. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். தெருவில் கறுத்த பிள்ளைகளும் வெளுத்த பிள்ளைகளும் மஞ்சள் நிறப் பிள்ளைகளும் ஒரு பந்தை உதைத்தபடி, "பாஸ்ஸு! பாஸ்ஸு!" என்று கத்திக்கொண்டு ஓடின.

அது என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கப் போனால், அவன் தேறாதவன் என்றும், அந்தத் தொகுப்பு பிழைகளின் மாதிரி என்றும், அவன் எழுந்து நின்று ஒரு கட்டளை சொன்னபோது கூடம் சிரித்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரு முறை அவன் சபையில் நின்று பட்டது போதும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஜீரோ" என்றாள் குரலுக்கு மறுமொழியாக. அவள் சிறுமியாக இருந்தபோது சொன்ன மாதிரி, ஜீரகத்து ஜீயோடு சொன்னாள். மணி ஒலித்தது. குரல் அடுத்த சொல்லுக்குப் போனது. அவள் சொன்னாள். மணி ஒலித்தது. இங்க்ரிட்டின் புருவங்கள் உயர்ந்தன. இந்த வேகத்தில் போனால் சில நாட்களில் தேறிவிடலாம் என்றாள். தேறியவர்களுக்குக் கூண்டு கிடையாது, இடம் குறைவு, வரிசையில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த சொல்லை சுகந்தி முகாமில் கற்ற மாதிரியே சொன்னாள். மெய்யெழுத்தில் வெட்டியதுபோல நிறுத்தினாள்.

மணி ஒலிக்கவில்லை. "லாக்கு" என்றான் சென்னியப்பன்.

"லாக்."

"லாக்கு."

"லாக்."

அவன் சலித்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு சுகந்தி எந்தத் தேர்விலும் தேறவில்லை. நீர்நிலையத்தில் வேலை கிடைக்கவில்லை. பசுங்கூடத்தில் கீரை பறிக்கப் போட்டார்கள். கதவுகள் அவளுக்குத் திறக்காததால், யாராவது வரும்வரை வாசலில் நிற்பது பழக்கமாயிற்று. அவள் பேச்சு கோழி கொத்துவதைப் போல இருக்கிறதென்று பிள்ளைகள் பின்னாலேயே வந்து நடித்துக் காட்டின. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் மேசைக்கு யாரும் வருவதில்லை. அவளோடு பேசினால் தங்கள் உச்சரிப்பும் கெட்டுவிடும் என்ற பயம் ஊரில் எல்லோருக்கும் இருந்தது. தமிழ் பேச அந்தக் கோளில் ஒரு நாதி இல்லை. கீரைப் பாத்திகளுக்கு நடுவே தனக்குத்தானே நாலு வார்த்தை பேசிக்கொள்வாள். அதுவும் போகப் போகக் குறைந்தது.

நாளுக்கு ஒரு தடவை கூண்டு. சொற்களுக்கு நடுவே அவன் இருமுவான். எங்கோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். மனைவி என்ற பொருள் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் மட்டும் பதிவில் நெடுநேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு, "வைப்பு" என்று சின்னக் குரலில் வரும். சுகந்தி அதைப் பல நாள் தவறாகச் சொன்னாள்.

ஒரு நாள், பத்திரம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்கு வந்து சேர்ந்தாள். அதைத் தொடங்கும் முன்பே இங்க்ரிட் கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, "இந்தப் பதிவின் தொடக்கத்தில் ஓர் இரைச்சல் இருக்கும். கதிர்வீச்சுக் கோளாறு. கண்டுகொள்ளாதீர்கள்" என்றாள்.

குரல் வந்தது. முதலில் அந்தச் சொல் சுத்தமாக வந்தது. கீழுதடு பல்லில் பட்டு, காற்று மெல்லிதாக உரசி, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. முகாமின் எந்தத் திரையும் சிவந்திருக்காது. தூரத்தில் யாரோ ஏதோ கடிந்து சொல்லும் ஓசை கேட்டது. அவன் சிரித்தான். பிறகு வேலையின் பொருட்டு, "சேப்பு" என்றான்.

அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அவள் போன பிறகு தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறான். எந்தக் கப்பலும் கேட்டுப் பார்க்க வரவில்லை.

சுகந்தி அன்று கூண்டிலேயே தலைகவிழ்ந்து கிடந்தாள். பதில் வராததால் குரல் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப, முதலில் சரியாகவும் பிறகு தவறாகவும், சொல்லிக்கொண்டே இருந்தது.

ஹார்க்ரேவ் ஒருவழியாகத் தேறினார். நீர்நிலையத்தில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை அவருக்குக் கிடைத்தது. ஒரு நாள் பசுங்கூடத்துக்குக் குழாய் சரிபார்க்க வந்தார். சுகந்தி பம்ப்பைப் பற்றி ஏதோ கேட்கப் போக, கையை உயர்த்தித் தடுத்தார்.

"நோ, நோ. நாட்டு பம்ப், சுகந்தி. பம்ப்பு. பம்ப்பு. உதட்டைத் தளர்த்தி விடுங்கள்" என்றார் பரிவோடு. "நானும் உங்களைப்போலக் கொச்சையாகப் பேசியவன்தான். மனது வைத்தால் முடியும்."

சுகந்தி அவருக்கு நன்றி சொன்னாள். அதையும் கொச்சையாகவே சொன்னாள்.

சில ஆண்டுகள் கழித்து இங்க்ரிட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். பேச்சைத் தொடங்கச் சங்கடப்படுவது தெரிந்தது. வகுப்பின் வரலாற்றிலேயே இத்தனை காலம் யாரும் தேறாமல் இருந்ததில்லையாம். நிர்வாகக் குழு இரக்கப்பட்டு அவளுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளித்திருக்கிறதாம். கையில் ஒரு வளையம் மாட்டிவிடுவார்கள். அது இருந்தால் கதவுகள் தாமாகவே திறக்கும். இனி அவள் வகுப்புக்கு வந்து கஷ்டப்பட வேண்டியதில்லை.

சுகந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். "வேண்டாம்" என்றாள். "வளையம் வேண்டாம். நான் கற்றுக்கொள்கிறேன். இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். கூண்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

இங்க்ரிட்டின் நீலக் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்து வந்து சுகந்தியின் தோளை அணைத்துக்கொண்டாள். எங்கள் மொழிமேல் இவ்வளவு மரியாதை வைத்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றாள். கூண்டு அவளுக்கே இருக்கட்டும் என்று அங்கேயே ஆணை பிறப்பித்தாள்.

வாசல்வரை வந்து, கதவைத் தன் குரலால் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஆறுதலாகச் சொன்னாள்:

"உங்கள் மேல் குற்றம் இல்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். இந்த உச்சரிப்பெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும். பிறந்த ஊரும் வளர்ந்த வீடும் அப்படி அமைய வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு என்னதான் முயன்றாலும் வராது."

"ஆமாம்" என்றாள் பெருந்துறைக்காரி. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.